லைவ்பேட்ச் ஏற்றியதும் யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ: பிழையைத் திருத்தும் பேட்ச்சே அதே பிழையை உண்டாக்குவது ஏன்?

கருநிலம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் சேமிப்பகச் சர்வர்களில் எங்கள் பயன்பாட்டிற்கென்றே எழுதப்பட்ட கெர்னல் டிரைவர் ஒன்று ஓடுகிறது. அதில் யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ (விடுவித்த நினைவகத்தை மீண்டும் தொடும்) வகைப் பிழை ஒன்று கண்டறியப்பட்டிருக்கிறது. சர்வர்களை இப்போதைக்கு ரீபூட் செய்ய இயலாத நிலையில் இருப்பதால், திருத்தத்தை லைவ்பேட்ச்சாக (ஓடும் கெர்னலிலேயே ஃபங்ஷன்களை மாற்றும் மாட்யூலாக) ஏற்ற முயன்று வருகிறோம்.

பிழை இதுதான். டிவைஸ் கோப்பைத் திறக்கும் ஒவ்வொருவருக்கும் டிரைவர் ஒரு சேனல் ஆப்ஜெக்டை உருவாக்குகிறது. அதை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணும் ரெஃபரன்ஸ் கவுண்ட் 1 என்று தொடங்குகிறது. குறிப்பிட்ட ஓர் ஐஆக்டில் (பயனர் நிரல் டிரைவருக்கு விடும் கட்டளை) அழைப்பு வரும்போது, 30 விநாடி கழித்து ஒரே ஒரு முறை இயங்கும்படி ஒரு டிலேய்டு ஒர்க் வரிசையில் சேர்க்கப்படுகிறது. அந்த ஒர்க் இயங்குவதற்குள் கோப்பு மூடப்பட்டால், ரிலீஸ் ஃபங்ஷன் கடைசி ரெஃபரன்ஸை விட்டு ஆப்ஜெக்டை விடுவித்துவிடும். அதன் பிறகு இயங்கும் ஒர்க், விடுவிக்கப்பட்ட நினைவகத்தைத் தொடும்.

டிரைவரின் புதிய பதிப்பில் இதற்கான திருத்தம் எளிமையானது. ஒர்க்கை வரிசையில் சேர்க்கும்போது ஒரு ரெஃபரன்ஸ் எடுக்கப்படுகிறது. ஒர்க் ஃபங்ஷன் முடியும்போது அதை விடுகிறது. ஸ்ட்ரக்டில் புதிய ஃபீல்டு எதுவும் சேரவில்லை என்பதால் தடையொன்றும் இராது என்று கருதி, இரண்டு ஃபங்ஷன்களின் மாற்றத்தையும் அப்படியே கேபேட்ச்-பில்டு கருவிக்குக் கொடுத்து லைவ்பேட்ச் மாட்யூலை உருவாக்கினோம்.

புதிய டிரைவரோடு பூட் செய்த சோதனை இயந்திரத்தில் கேசன் (கெர்னலின் நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் சோதனைக் கருவி) எந்தப் புகாரும் சொல்லவில்லை. ஆனால் பழைய டிரைவர் வேலை செய்துகொண்டிருக்கும்போது லைவ்பேட்ச்சை ஏற்றினால், அரை நிமிடத்திற்குள் கேசன் அறிக்கை வருகிறது. கோப்பு இன்னும் திறந்தே இருக்கிறது, அடுத்த ஐஆக்டில் அழைப்பு செத்த ஆப்ஜெக்டைப் படிக்கிறது என்கிறது அறிக்கை. பழைய பிழை கோப்பை மூடினால்தான் வரும். இது மூடாமலேயே வருகிறது.

திருத்தம் சரியாக இருந்தும் ஏற்றும் விதத்தில் எங்கே பிசகுகிறது என்று விளக்கினால் பேருதவியாக இருக்கும்.


நீள்வழி

கேசன் அறிக்கையை இன்னொரு முறை எடுத்து, ஆப்ஜெக்ட் விடுவிக்கப்பட்ட இடத்தைக் காட்டும் ஸ்டாக் தடத்தை (ஃபங்ஷன் அழைப்புகளின் வரிசையை) மட்டும் பாருங்கள். மாட்யூலில் இருக்கும் ஃபங்ஷன் பெயருக்குப் பின்னால் சதுர அடைப்புக்குறிக்குள் அந்த மாட்யூலின் பெயர் அச்சாகும். விடுவித்த தடத்தில் ஒரு கேஒர்க்கர் (வரிசையிலுள்ள ஒர்க்குகளை இயக்கும் கெர்னல்) த்ரெட் இருக்கும். அதில் ஒர்க் ஃபங்ஷனுக்குப் பக்கத்தில் உங்கள் லைவ்பேட்ச் மாட்யூலின் பெயர் இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். அப்படி இருந்தால் காரணம் உறுதியாகிவிடும்: பழைய குறிமுறை வரிசையில் சேர்த்த ஒர்க்கைப் புதிய குறிமுறை இயக்கியிருக்கிறது.

நடந்தது இப்படித்தான் இருக்க வேண்டும். லைவ்பேட்ச் ஏறுவதற்கு 20 விநாடிக்கு முன்பு ஒரு த்ரெட் பழைய ஃபங்ஷன் வழியாக ஒர்க்கை வரிசையில் சேர்த்தது. அது ரெஃபரன்ஸ் எடுக்கவில்லை; கவுண்ட் 1 ஆகவே நின்றது, அந்த 1 திறந்திருக்கும் கோப்புக்கு உரியது. பிறகு பேட்ச் ஏறியது. பத்து விநாடி கழித்து டைமர் முடிந்து ஒர்க் இயங்கத் தொடங்கியபோது, ஒர்க் ஸ்ட்ரக்டில் இருந்த பாயிண்டர் பழைய ஃபங்ஷனின் முகவரியையே காட்டினாலும், அதன் தொடக்கத்தில் எஃப்ட்ரேஸ் (ஃபங்ஷன் அழைப்புகளை இடைமறிக்கும் கெர்னல் வசதி) வழிமறித்துப் புதிய ஃபங்ஷனுக்குத் திருப்பிவிட்டது. புதிய ஃபங்ஷன் முடியும்போது, யாரும் எடுக்காத ரெஃபரன்ஸை விட்டது. கவுண்ட் 0 ஆனது, ஆப்ஜெக்ட் விடுவிக்கப்பட்டது, கோப்பு மட்டும் திறந்தபடியே இருந்தது.

லைவ்பேட்ச் அளிக்கும் உத்தரவாதம் எதைப் பற்றியது என்பதில்தான் இதன் வேர் இருக்கிறது. லினக்ஸ் 4.0 பதிப்பில், 2015 ஏப்ரலில், லைவ்பேட்ச் கெர்னலுக்குள் வந்தபோது ஃபங்ஷன்களைத் திருப்பிவிடும் வசதி மட்டுமே இருந்தது. யார் எந்த ஃபங்ஷனுக்குள் இருக்கிறார்கள் என்று அது பார்க்கவே இல்லை, அதனாலேயே அன்றைக்கு லைவ்பேட்ச் மாட்யூலை வெளியே எடுக்கவும் இயலாது. 2017 இல் வந்த 4.12 பதிப்பில்தான் இன்றுள்ள இசைவு முறை சேர்ந்தது. ரெட் ஹேட் உருவாக்கிய கேபேட்ச்சிலிருந்து ஸ்டாக்கைச் சோதிக்கும் வழக்கத்தையும், சூசே உருவாக்கிய கேகிராஃப்ட்டிலிருந்து ஒவ்வொரு டாஸ்க்காக (செயல்முறை அல்லது த்ரெட்டாக) மாற்றும் வழக்கத்தையும் எடுத்து இணைத்தது இது. தூங்கும் டாஸ்க்கின் ஸ்டாக்கில் மாற்றப்படும் ஃபங்ஷன் எதுவும் இல்லையென்றால் அந்த டாஸ்க் புதிய நிலைக்கு மாற்றப்படுகிறது. இயங்கிக்கொண்டிருப்பது பயனர் வெளிக்குத் திரும்பும்போது மாறுகிறது. மாறாமல் நிற்பவற்றைக் கெர்னல் ஏறத்தாழ விநாடிக்கு ஒரு முறை மீண்டும் சோதித்துப் பார்க்கிறது.

இதிலிருந்து கிடைப்பது, ஒரு டாஸ்க் ஒரு சமயத்தில் பழைய உலகத்திலோ புதிய உலகத்திலோ முழுமையாக இருக்கும் என்ற உறுதி மட்டுமே. ஆப்ஜெக்ட்களுக்கு அப்படிப்பட்ட உறுதி எதுவும் இல்லை. பழைய உலகத்தில் பிறந்த சேனல் புதிய உலகத்தில் தொடர்ந்து வாழும். மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போது ஒரே சேனலை இரு உலகத்து டாஸ்க்குகளும் மாறி மாறித் தொடும். டைமரில் காத்திருக்கும் ஒர்க்கோ எந்த ஸ்டாக்கிலும் இல்லை, ஆகவே ஸ்டாக் சோதனையின் கண்ணில் அது படாது. எல்லா சிபியூக்களையும் ஒரே நொடியில் நிறுத்தி மாற்றிய பழைய கேபேட்ச் முறையிலும், 2008 வாக்கில் எம்.ஐ.டி.யில் உருவாகிப் பின்னர் 2011 இல் ஆரக்கிள் வாங்கிய கேஸ்ப்ளைஸிலும்கூட, உங்கள் ஒர்க் இதே போலத் தப்பித்துப் போயிருக்கும்.

ஆகவே லைவ்பேட்ச்சுக்கு வரும் ஒவ்வொரு திருத்தத்திடமும் நான் முதலில் கேட்பது ஒன்றே. பழைய குறிமுறை விட்டுச்சென்ற நிலையைப் புதிய குறிமுறை கண்டால் என்ன செய்யும், புதியது விட்டுச்சென்றதைப் பழையது கண்டால் என்ன செய்யும்? ஸ்ட்ரக்டின் வடிவம் மாறவில்லை என்பது இதற்குப் பதிலாகாது. உங்கள் கவுண்ட் ஃபீல்டு அதே இடத்தில்தான் இருக்கிறது, ஆனால் அதிலுள்ள எண் எதை எண்ணுகிறது என்பது மாறிவிட்டது.


தாழ்வாரம்

நீள்வழி ஐயாவின் விளக்கத்தை முழுவதும் ஏற்றுக்கொள்கிறேன். மாற்று வழியைப் பற்றி மட்டும் சொல்ல விரும்புகிறேன்.

டிரைவரின் புதிய பதிப்பில் உள்ள திருத்தத்தை அப்படியே லைவ்பேட்ச்சாக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. அந்தத் திருத்தத்தை எழுதியவர் ரீபூட்டுக்குப் பின் சுத்தமாகத் தொடங்கும் கெர்னலை மனத்தில் வைத்து எழுதினார். உங்களுக்கு வேண்டியதோ பாதி வழியில் சேர்ந்துகொள்ளும் திருத்தம். உங்கள் பிழைக்கு அப்படி ஒன்று இருக்கிறது. ரெஃபரன்ஸ் கணக்கைத் தொடவே வேண்டாம். ரிலீஸ் ஃபங்ஷனை மட்டும் மாற்றி, கடைசி ரெஃபரன்ஸை விடுவதற்கு முன்பாக ‘கேன்சல் டிலேய்டு ஒர்க் சிங்க்’ அழைப்பைச் சேர்த்துவிடுங்கள். டைமரில் காத்திருக்கும் ஒர்க்கை அது நீக்கிவிடும். ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தால் முடியும்வரை காத்திருக்கும். கோப்பின் கடைசி ரெஃபரன்ஸ் போன பிறகே ரிலீஸ் அழைக்கப்படுவதால், அதற்குப் பின் எந்த ஐஆக்டிலும் அந்தச் சேனலில் புதிய ஒர்க்கைச் சேர்க்கப் போவதில்லை.

இரு திசைகளிலும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். பழைய குறிமுறை வரிசையில் சேர்த்த ஒர்க்கையும் புதிய ரிலீஸ் சரியாக நிறுத்தும், ஏனென்றால் அது கவுண்டைப் பார்ப்பதே இல்லை. இன்னும் மாறாத டாஸ்க் பழைய ரிலீஸை இயக்கினால் பழைய பிழைக்கான வாய்ப்பு அந்தச் சிறு இடைவெளியில் நீடிக்கும். புதிதாக ஒன்று முளைக்காது. பேட்ச்சைத் திரும்ப எடுத்தாலும் கணக்கு எதுவும் கோணலாகி நிற்காது.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒர்க் ஃபங்ஷன் எந்த மியூடெக்ஸையாவது (ஒரு நேரத்தில் ஒருவரே பிடிக்கக்கூடிய பூட்டு) பிடிக்கிறதென்றால், ரிலீஸ் அதே மியூடெக்ஸைப் பிடித்த நிலையில் இந்த அழைப்பைச் செய்யக் கூடாது. ஒன்றுக்கொன்று காத்து இரண்டும் நின்றுவிடும். மியூடெக்ஸைப் பிடிப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ திருத்தங்களை இந்தக் கண்ணோடு பார்த்தால் எவை லைவ்பேட்ச்சுக்கு இணங்கும், எவை இணங்காது என்பது விரைவில் பிடிபடும். சி.வி.இ. (பாதுகாப்புப் பிழைகளின் பொதுப் பட்டியல்) எண் 2016-0728 ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு செயல்முறை, தான் ஏற்கெனவே வைத்திருக்கும் செஷன் கீரிங்கிலேயே (சாவித் தொகுப்பிலேயே) மீண்டும் சேர முயலும்போது, எடுத்த ரெஃபரன்ஸை விடாமல் கெர்னல் திரும்பிவிட்டது. மீண்டும் மீண்டும் அழைத்தால் 32 பிட் கவுண்ட் நிரம்பிச் சுற்றி 0 க்கு வரும், அங்கிருந்து யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ. திருத்தம், அதே ஃபங்ஷனின் அந்தக் கிளையில் விடுபட்ட ரெஃபரன்ஸை விடுவது மட்டும்தான். எடுப்பதும் விடுவதும் ஒரே அழைப்புக்குள் நிகழ்வதால், பாதி டாஸ்க்குகள் மாறியும் பாதி மாறாமலும் இருந்தாலும் தீங்கில்லை. பேட்ச்சுக்கு முன்பே கசிந்த எண்ணிக்கை கூடுதலாகவே நிற்கும், அது நினைவகக் கசிவோடு போய்விடும்.

சி.வி.இ. 2016-8655 வேறு வகை. பாக்கெட் சாக்கெட்டில் ஒரு த்ரெட் ரிங் பஃபரை அமைத்துக்கொண்டிருக்கும்போது இன்னொரு த்ரெட் அதன் பதிப்பு எண்ணை மாற்றினால், ஓடிக்கொண்டிருக்கும் டைமரோடு சாக்கெட் விடுவிக்கப்பட்டுவிடும். திருத்தம் இரண்டு ஃபங்ஷன்களைத் தொடுகிறது, ஆயினும் ஒவ்வொன்றும் சாக்கெட் லாக்கைத் தானே பிடித்துத் தானே விடுகிறது. ஒன்று பழையதும் மற்றொன்று புதியதுமாக மோதினால் லாக் இருந்தும் பயனில்லை, பழைய நேர மோதல் தொடரும். ஆனால் நிலைமை முன்பைவிட மோசமாகாது. மாற்றக் கட்டம் முடிந்ததும் பிழை தீர்ந்துவிடும்.

உங்களுடையது மூன்றாம் வகை. ஒரு ஃபங்ஷனில் எடுத்து இன்னொரு ஃபங்ஷனில், வேறு நேரத்தில், வேறு டாஸ்க்கில் விடுவது. இந்த வகையை எந்த மாற்றமும் இன்றி லைவ்பேட்ச்சாக்குவது ஆபத்தானது என்பதே என் உறுதியான கருத்து. ரெஃபரன்ஸுக்கு மட்டுமல்ல, ஒரு ஃபங்ஷனில் பிடித்து இன்னொன்றில் விடும் லாக்குக்கும் இது பொருந்தும்.

மூன்றாம் வகையைத் தவிர்க்கவே இயலாதபோது ஷேடோ வேரியபிள் கைகொடுக்கும். 4.15 பதிப்பிலிருந்து கெர்னலிலேயே இருக்கும் வசதி இது; ஆப்ஜெக்டின் முகவரியையும் ஓர் அடையாள எண்ணையும் சாவியாக வைத்து, ஸ்ட்ரக்டைத் தொடாமல் வெளியே ஒரு தரவை ஒட்டிவைக்கிறது. புதிய குறிமுறை ரெஃபரன்ஸ் எடுக்கும்போது ஒரு குறியை ஒட்டும். விடும் இடம், குறி இருந்தால் மட்டுமே விடும். குறியில்லாத ஆப்ஜெக்ட் பழைய உலகத்தில் பிறந்தது என்று பொருள். கெர்னல் ஆவணங்களிலேயே வைஃபை பகுதியான மேக்80211 இல் நிலையத் தகவல் ஸ்ட்ரக்டுக்கு ஒரு ஸ்பின்லாக்கைச் சேர்த்த திருத்தம் இதற்கு எடுத்துக்காட்டாக இருக்கிறது. அங்கே பேட்ச்சுக்கு முன் பிறந்த ஆப்ஜெக்ட்டுகளுக்குப் புதிய லாக் இல்லாததால், ஷேடோ இருந்தால் மட்டும் லாக் செய்யும் வழியும், முதன்முறை பயன்படுத்தும்போதே உருவாக்கிக்கொள்ளும் வழியும் காட்டப்பட்டிருக்கின்றன.

ஆனால் ஷேடோவுக்கும் ஆயுள் உண்டு. ஆப்ஜெக்ட் விடுவிக்கப்படும்போது ஷேடோ தானாகப் போகாது, நாம்தான் நீக்க வேண்டும். மாற்றக் கட்டத்தில், புதிய நிலையில் உள்ள டாஸ்க் குறியை ஒட்டிய ஆப்ஜெக்டை, இன்னும் மாறாத டாஸ்க் பழைய ஃபங்ஷன் வழியாக விடுவித்துவிடலாம். பழைய ஃபங்ஷனுக்கு ஷேடோவைப் பற்றி எதுவும் தெரியாது. அதே முகவரியை ஸ்லாப் (கெர்னலின் நினைவக ஒதுக்கி) அடுத்த ஆப்ஜெக்டுக்குக் கொடுக்கும். செத்தவனின் குறி புதியவன் மேல் ஒட்டியிருக்கும். குறியை நம்பி ரெஃபரன்ஸை விட்டால் மீண்டும் தொடங்கிய இடத்திற்கே வந்துவிடுவோம். ஆகவே ஆப்ஜெக்டை உருவாக்கும் புதிய ஃபங்ஷன், அந்த முகவரியில் ஏதேனும் பழைய ஷேடோ இருந்தால் முதலில் நீக்கிவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும். ‘இருந்தால் எடு, இல்லையேல் உருவாக்கு’ என்ற அழைப்பை ஆப்ஜெக்ட் பிறக்கும் இடத்தில் பயன்படுத்தினால் இந்தத் தவறு சத்தமின்றி மறைந்துகொள்ளும். உருவாக்க மட்டும் செய்யும் அழைப்போ, ஏற்கெனவே ஒன்று இருந்தால் எச்சரிக்கையை அச்சிட்டு வெறும் பாயிண்டரைத் திருப்பித் தரும்.

எந்த வழியை எடுத்தாலும், கணக்கில் ஐயம் வரும் இடங்களிலெல்லாம் ஒரு ரெஃபரன்ஸ் கூடுதலாக நிற்கும் பக்கமே சாயுங்கள். சில நூறு பைட்டுகள் கசிந்தால் அடுத்த ரீபூட்டில் சரியாகிவிடும். குறைவாக நின்றால் அந்த நினைவகம் வேறொருவரின் தரவாகிவிட்ட பிறகும் நாம் அதில் எழுதிக்கொண்டிருப்போம்.


கருநிலம்

இருவருக்கும் மிக்க நன்றி. விடுவித்த தடத்தைப் பார்த்தேன். நீள்வழி ஐயா சொன்னபடியே கேஒர்க்கர் த்ரெட்டில் ஒர்க் ஃபங்ஷனுக்கு அருகே லைவ்பேட்ச் மாட்யூலின் பெயர் இருக்கிறது, ஆப்ஜெக்ட் உருவான தடத்தில் டிரைவரின் பெயர் இருக்கிறது. ரெஃபரன்ஸ் மாற்றத்தைக் கைவிட்டு ரிலீஸில் நிறுத்தும் வழியை எடுத்துக்கொள்கிறோம். எங்கள் ஒர்க் மியூடெக்ஸைப் பிடிக்கத்தான் செய்கிறது, ஆகவே அந்த எச்சரிக்கை நேரத்தில் வந்தது.

இதனோடு ஒட்டிய இன்னொரு கேள்வி. அதே டிரைவரில் மற்றொரு திருத்தம், ஒரு பட்டியலின் உறுப்பை உடனே விடுவிக்காமல், பூட்டின்றிப் படிப்பவர்கள் முடிக்கும்வரை காத்திருக்கும் ஆர்.சி.யூ. அவகாசம் முடிந்த பின் ஒரு கால்பேக் வழியாக விடுவிக்கிறது. அந்தக் கால்பேக் ஃபங்ஷன் பழைய டிரைவரில் இல்லை. லைவ்பேட்ச் மாட்யூலில் மட்டுமே உள்ளது. பிற்பாடு இந்த லைவ்பேட்ச்சை எடுத்துவிட்டு வேறொன்றை ஏற்ற நேர்ந்தால், மாட்யூலின் நினைவகம் விடுவிக்கப்பட்ட பிறகு கால்பேக் இயங்கிவிடாதா?


நீள்வழி

இயங்கிவிடும். இது தரவைப் பற்றிய யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ அன்று, குறிமுறையைப் பற்றியது. சிபியூ விடுவிக்கப்பட்ட பக்கத்திற்குள் தாவும். காரணம் முன்பு சொன்னதேதான். லைவ்பேட்ச்சைச் செயலிழக்கச் செய்யும்போது டாஸ்க்குகள் மறுபடியும் ஒவ்வொன்றாகப் பழைய நிலைக்குத் திரும்புகின்றன, எந்த ஸ்டாக்கிலும் உங்கள் புதிய ஃபங்ஷன் இல்லை என்பது உறுதியாகிறது, பிறகு மாட்யூலை நீக்க அனுமதி கிடைக்கிறது. ஆர்.சி.யூ. வரிசையில் அவகாசத்திற்காகக் காத்திருக்கும் கால்பேக் எந்த ஸ்டாக்கிலும் இல்லை.

இதற்குரிய கருவி ‘ஆர்.சி.யூ. பேரியர்’. அதுவரை வரிசையில் சேர்ந்த கால்பேக்குகள் அனைத்தும் இயங்கி முடியும்வரை அது காத்திருக்கும். ‘சிங்க்ரனைஸ் ஆர்.சி.யூ.’ இங்கே போதாது. அது அவகாசம் கழிவதற்கு மட்டுமே காத்திருக்கிறது, கால்பேக்குகள் முடிந்துவிட்டன என்று சொல்வதில்லை.

எங்கே வைப்பது என்பதில் கவனம் தேவை. செயலிழப்பதற்கு முன் அழைக்கப்படும் லைவ்பேட்ச் கால்பேக்கில் வைத்தால் பயனில்லை, ஏனென்றால் அதற்குப் பிறகும் மாறாத டாஸ்க்குகள் புதிய கால்பேக்குகளை வரிசையில் சேர்த்துக்கொண்டே இருக்கும். எல்லா டாஸ்க்குகளும் திரும்பிய பின் அழைக்கப்படுவதில் வைக்கலாம் என்று தோன்றும். பெரும்பாலோர் அங்கேதான் வைக்கிறார்கள். ஆனால் பழைய லைவ்பேட்ச்சை நீக்காமல், அதன் இடத்தை முழுவதுமாக எடுத்துக்கொள்ளும் ஒருங்கிணைந்த பேட்ச்சை ஏற்றினால், பழைய பேட்ச்சின் கால்பேக்குகள் எதுவும் அழைக்கப்படுவதில்லை. புதியதன் கால்பேக்குகள் மட்டுமே அழைக்கப்படும். 5.1 பதிப்பிலிருந்து இந்த மாற்றீட்டு முறை கெர்னலில் இருப்பதாலும், நீங்களும் ‘வேறொன்றை ஏற்ற நேர்ந்தால்’ என்று சொல்வதாலும், என் பரிந்துரை மாட்யூலின் வெளியேறும் ஃபங்ஷனிலேயே பேரியரை வைப்பது. எந்த வழியாக நீக்கப்பட்டாலும் நினைவகம் போவதற்கு முன் அது இயங்கியே தீரும். புதிய ஃபங்ஷனைக் காட்டும் டைமரோ ஒர்க்கோ இருந்தால் அவற்றையும் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

லைவ்பேட்ச்சின் உட்பகுதியே இந்தச் சிக்கலை எவ்வளவு கவனமாகக் கையாள்கிறது என்பதைப் படித்துப் பார்க்கும்படி பரிந்துரைக்கிறேன். கற்றுக்கொள்ள அதைவிடச் சிறந்த இடம் எனக்குத் தெரிந்து இல்லை. மாற்றப்பட்ட ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஒரு பட்டியல் உண்டு. எஃப்ட்ரேஸ் வழிமறிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பட்டியலைப் பூட்டின்றிப் படித்துத்தான் எந்தப் பதிப்புக்குத் தாவுவது என்று முடிவு செய்கிறது. பேட்ச்சை எடுக்கும்போது பட்டியலிலிருந்து ஓர் உறுப்பு நீக்கப்படுகிறது, அந்த நேரத்தில் வேறொரு சிபியூ அதைப் படித்துக்கொண்டிருக்கலாம். வழக்கமான ஆர்.சி.யூ. காத்திருப்பு இங்கே போதவில்லை. ஐடில் நிலையிலும் பயனர் வெளியின் எல்லையிலும், ஆர்.சி.யூ. கவனிக்காத இடங்களிலிருந்தும் எஃப்ட்ரேஸ் அழைக்கப்படலாம். அதனால் ஒவ்வொரு சிபியூவிலும் ஒரு வெற்று ஒர்க்கை இயக்கி, அது முடிந்த பிறகே மேலே செல்கிறார்கள்; ஒவ்வொரு சிபியூவும் ஒரு முறையாவது வேறு டாஸ்க்குக்கு மாறியிருக்கிறது என்பதே அதில் கிடைக்கும் சான்று. அதே போல, சிஸ்எஃப்எஸ் (கெர்னலின் நிலையைக் கோப்புகளாகக் காட்டும் அடைவு) கோப்பை யாரேனும் திறந்து வைத்திருக்கும்போது அதன் ஆப்ஜெக்ட் மறைந்துவிடாதிருக்க, கடைசி ரெஃபரன்ஸ் போகும்வரை காத்திருந்து அதன் பின்னரே மாட்யூலின் பிடியை விடுகிறார்கள்.

இவ்வளவு பாதுகாப்பையும் ஒரே எழுத்தில் நீக்கிவிடும் கோப்பு ஒன்று இருக்கிறது. சிஸ்எஃப்எஸ்ஸில் உங்கள் பேட்ச்சின் கீழ் ‘ஃபோர்ஸ்’ என்ற பெயரில் இருப்பது அது. ஏதோ ஒரு டாஸ்க் பழைய ஃபங்ஷனுக்குள் தூங்கிக்கொண்டு மாற்றத்தை முடியவிடாமல் நிறுத்தும்போது அதில் 1 என்று எழுதத் தோன்றும். எழுதினால் எல்லா டாஸ்க்குகளும் மாறிவிட்டதாகக் கெர்னல் எடுத்துக்கொள்ளும். தூங்குகிறவர் விழித்துப் பழைய குறிமுறையைத் தொடர்வார். அந்த மாட்யூலை அதன் பிறகு நீக்கவே கெர்னல் அனுமதிக்காது, ஏனென்றால் யார் எங்கே நிற்கிறார்கள் என்று அதற்கு இனித் தெரியாது. முதலில் ப்ராக் அடைவில் ஒவ்வொரு செயல்முறைக்கும் உள்ள பேட்ச் நிலைக் கோப்பைப் பாருங்கள். ஏற்றும்போது 0 என்று காட்டுபவையே மாறாதவை. அந்தச் செயல்முறையின் ஸ்டாக்கைப் பார்த்து, அதை மட்டும் மீண்டும் தொடங்கினாலே பெரும்பாலும் போதும்.


வடகரை

சோதனை பற்றி மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் மேலே சொன்ன பிழைகளில் ஒன்று கேசனின் கண்ணுக்குத் தப்பும்.

பொதுவான கேசன், விடுவிக்கப்பட்ட ஆப்ஜெக்டை உடனே மறுபயன்பாட்டிற்குக் கொடுக்காமல் தனியே ஒதுக்கி வைக்கிறது. யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீயைப் பிடிக்க அது நல்லது. ஆனால் தாழ்வாரம் விவரித்த பழைய ஷேடோ பிழை, அதே முகவரி மீண்டும் கைக்கு வந்தால்தான் வெளிப்படும்; கேசன் அந்த வாய்ப்பையே அரிதாக்கிவிடுகிறது. ஆகவே ஷேடோவைப் பயன்படுத்தும் பேட்ச்சைக் கேசன் உள்ள கெர்னலிலும் கேசன் இல்லாத கெர்னலிலும் தனித்தனியே ஓட்டுங்கள். இரண்டாவதில் ஷேடோ இரட்டிப்பு எச்சரிக்கையையும், ரெஃப்கவுண்ட் வகை அச்சிடும் ‘அண்டர்ஃப்ளோ’ எச்சரிக்கையையும் தேடுங்கள். உங்கள் டிரைவர் இன்னும் வெறும் அட்டாமிக் எண்ணை வைத்துக் கணக்கிடுகிறதென்றால் இரண்டாவது எச்சரிக்கை வராது, 4.11 இல் வந்த ரெஃப்கவுண்ட் வகைக்கு அடுத்த பதிப்பிலாவது மாறுவது நல்லது.

மாற்றக் கட்டம் பொதுவாக ஓரிரு விநாடிகளில் முடிந்துவிடுவதால், அதற்குள் நிகழும் மோதல்கள் சோதனையில் தென்படுவதே இல்லை. அதை வேண்டுமென்றே நீட்டுங்கள். மாற்றப்படும் ஃபங்ஷன் ஒன்றுக்குள் நெடுநேரம் தூங்கும் ஒரு செயல்முறையை ஓடவிட்டு, பிறகு பேட்ச்சை ஏற்றினால், அது வெளியே வரும்வரை கெர்னல் இரண்டுங்கெட்ட நிலையிலேயே நிற்கும். 15 விநாடிக்கு மேல் நீடித்தால் சிக்கி நிற்கும் டாஸ்க்குகளுக்குக் கெர்னல் ஒரு போலிச் சிக்னலை அனுப்பி எழுப்பப் பார்க்கும்; எனவே சிக்னலுக்கு விழிக்காத தூக்கமாக அது இருக்க வேண்டும். அந்த நிலையில் மற்ற செயல்முறைகளைக் கொண்டு திறப்பதும் மூடுவதும் ஐஆக்டில் அழைப்பதுமாக டிரைவரைப் போட்டு வாட்டுங்கள். ஒரு செயல்முறை திறந்த கோப்பை யூனிக்ஸ் சாக்கெட் வழியாக இன்னொன்றுக்கு அனுப்பி அங்கே மூடச் செய்யுங்கள். பழையவர் திறந்து புதியவர் மூடுவதும், புதியவர் திறந்து பழையவர் மூடுவதும் அப்போதுதான் உண்மையில் நடக்கும்.

மாற்றம் முடியாமல் நிற்கும்போதே சிஸ்எஃப்எஸ்ஸில் பேட்ச்சின் ‘எனேபிள்டு’ கோப்பில் 0 என்று எழுதித் திசையைத் திருப்பிப் பாருங்கள். பாதி ஏறிய பேட்ச் பாதியிலேயே இறங்கும் இந்தப் பாதையைத்தான் பலர் சோதிப்பதில்லை, நள்ளிரவில் ஏதோ சரியில்லை என்று பேட்ச்சைத் திரும்ப எடுக்கும் நிர்வாகி நடப்பதும் இதே பாதையில்தான். கருநிலம் அவர்களின் 30 விநாடி ஒர்க்கைப் பொறுத்தவரை, திசை திருப்பிய பிறகும் குறைந்தது 30 விநாடிக்கு மேல் காத்திருந்து, ஒரு கோப்பையும் மூடாமல் ஒரு சுற்று, எல்லாவற்றையும் மூடி ஒரு சுற்று என இரண்டு விதமாகவும் பாருங்கள்.


கருநிலம்

வடகரை அவர்கள் சொன்னபடி, தூங்கும் செயல்முறையை வைத்து மாற்றக் கட்டத்தை நிறுத்திப் பார்த்தோம். ரிலீஸை மட்டும் மாற்றிய பேட்ச்சில் கேசன் புதிதாக எதையும் சொல்லவில்லை. மாறாத செயல்முறை கோப்பை மூடும்போது மட்டும் பழைய பிழையின் அறிக்கை வந்தது. தாழ்வாரம் அவர்கள் சொன்ன இடைவெளி அதுதான். முழுமையாக மாறிய பின் அதுவும் வரவில்லை. ஆர்.சி.யூ. கால்பேக் உள்ள திருத்தத்தில் பேரியரை வெளியேறும் ஃபங்ஷனுக்கு மாற்றியிருக்கிறோம். அதை ஒருங்கிணைந்த பேட்ச் கொண்டு மாற்றீடு செய்து, பழைய மாட்யூலை நீக்கும் சோதனை இன்னும் மீதமிருக்கிறது. முடிந்ததும் அறிக்கையோடு இங்கேயே எழுதுகிறேன்.